ஜிம் தோர்ப்

ஜிம் தோர்ப் (1887 – மார்ச் 28, 1953) அமெரிக்காவின் புகழ்பெற்ற விளையாட்டு வீரர்களுள் ஒருவர். இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில், சாக்-பாக்ஸ் பழங்குடியில் பிறந்தவர்.

கார்லைல் பள்ளி

பென்சில்வேனியாவில் 1879 முதல் 1918 வரை இயங்கிய கார்லைல் உறைவிடப் பள்ளியில் தோர்ப் பயின்றார். பழங்குடிச் சிறுவர்களைத் தம் தாய்மொழியிலிருந்தும் பண்பாட்டிலிருந்தும் பிரிப்பதே அப்பள்ளியின் நோக்கமாக இருந்தது. தொழிற்கல்வி அளித்த இப்பள்ளியின் அமெரிக்கக் காற்பந்து அணி, பாப் வார்னரின் பயிற்சியில் பெரிய பல்கலைக்கழக அணிகளை எதிர்த்து ஆடியது.

காற்பந்துப் பருவங்கள்

1911 ஆம் ஆண்டுப் பருவத்தில் கார்லைல் அணி 12 ஆட்டங்களில் 11 இல் வென்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை 18–15 என்ற கணக்கில் வென்ற ஆட்டத்தில், காயமுற்றிருந்த தோர்ப் பந்தை நான்கு முறை கம்பங்களுக்கு இடையே உதைத்து 12 புள்ளிகள் பெற்றுத் தந்தார். 1912 நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணி 27–6 என்ற கணக்கில் கார்லைலிடம் தோற்றது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஐசனாவர் அந்த இராணுவ அணியில் ஆடினார். பழங்குடியினருடன் நெடுங்காலம் போரிட்ட இராணுவத்தின் கல்லூரி என்பதால் இவ்வெற்றி தனிச் சிறப்புப் பெற்றது.

ஒலிம்பிக் பதக்கங்கள்

1912 ஆம் ஆண்டு கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிகளில் பென்டாத்லான், டெகாத்லான் ஆகிய இரண்டிலும் தோர்ப் தங்கப் பதக்கம் வென்றிருந்தார். 1909, 1910 ஆம் ஆண்டுகளில் சிறு ஊதியம் பெற்று பேஸ்பால் ஆடியதைக் காரணம் காட்டி, 1913 இல் அவை பறிக்கப்பட்டன. முறையீடுகள் 30 நாட்களுக்குள் அளிக்கப்பட வேண்டும் என்ற விதி பின்பற்றப்படவில்லை. 1983 இல் பதக்கங்கள் அவரது குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டபோதும், அவர் இணை வெற்றியாளராகவே குறிக்கப்பட்டார். 2022 இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அவரைத் தனி வெற்றியாளராக ஏற்றது.