எலிகளைத் தேடிய எலியட்... யார் இந்த மெட்ராஸ் அதிகாரி?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போறவங்களுக்கு இது தினசரி காட்சி. ஒரு பக்கம் தொழிற்சாலை. இன்னொரு பக்கம் முள்புதர், ஏரிக்கரை, தரிசு. அந்தத் தரிசில் என்ன இருக்குன்னு கேட்டால், ஒன்றும் இல்லை என்போம். கிட்டத்தட்ட 200 ஆண்டுகளுக்கு முன்பே வறண்ட நிலத்தின் எலி வளைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் வால்டர் எலியட். ஆமாம், பேரிலேயே எலி!

யார் இவர்?

1803-ல் எடின்பரோவில் பிறந்தார். 20 வயதுக்குள் மெட்ராஸ் சிவில் சர்வீஸுக்கு வந்தார். 1824-ல் கித்தூர் ராணி சென்னம்மாவின் படையிடம் பிணைக்கைதியாகச் சிக்கி, பிறகு விடுதலையானார். அதற்குப் பின்னும் அதே தார்வாட் பகுதியில்தான் வேலை.

எலியைக் கவனித்தது ஏன்?

1826-ல் பருவமழையின் தொடக்கம் பொய்த்தது. வழக்கமாக முதல் மழையில் கரிசல் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் வயல் எலிகள் ஏராளமாகச் சாகும். அந்த வருஷம் அது நடக்கவில்லை. எலிகள் பெருகி, விதைத்த விதையையும் சோளக் கதிரையும் தின்று தீர்த்தன. வரி கட்டக்கூட விவசாயிகளிடம் எதுவும் மிஞ்சவில்லை. மண்வேலை செய்யும் ஒட்டர் சமூகத்தினர் கூலியாகத் தானியம் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் பிடித்தும் எலிகள் குறையவில்லை.

1839-ல் அந்த வட்டாரப் பாலூட்டிகளின் பட்டியலை வெளியிட்டார் எலியட். எது எங்கே வளை தோண்டும், எப்படி வாழும் என்ற விவரமும் அதில் உண்டு. இதில் பெரும்பகுதி, எலி பிடிக்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். அந்த வயல் எலியை ஒட்டர்கள் அழைத்த மெட்டடே என்ற பெயர்தான் சற்றே திரிந்து, மெல்டாடா என்று இன்றும் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது.

நம்ம ஊர் தொடர்பு?

மூங்கில் அணத்தான் என்ற அணில் போன்ற சிறு விலங்கின் அறிவியல் பெயர் அனதானா எலியோட்டி. முன்பாதி தமிழ், பின்பாதி எலியட். 1845-ல் அமராவதி சிற்பங்களைத் தோண்டி எடுத்தவரும் இவரே. அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 1860-ல் ஓய்வு பெற்றவர், பார்வை மங்கிய பிறகும் தென்னிந்திய நாணயங்கள் பற்றி நூல் எழுதினார். 1887-ல் மறைந்தார்.

இன்று பெரிய தொழிற்பேட்டைகளுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலும் விலங்குகள் பட்டியல் உண்டு. அதை எடுக்கப் போகிறவர்கள், ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவரிடமும் வளை பார்த்தே எலியைச் சொல்லும் இருளரிடமும் முதலில் கேட்கலாம்.