பாலைவழிக்கு நீர் வார்த்த பேரரசி ஜுபைதா

குளம் தொடுதல், சாலையோரத்தில் சுமைதாங்கி நடுதல், வேனிற்காலத்தில் தண்ணீர்ப்பந்தல் அமைத்தல் ஆகியவற்றை நம் முன்னோர் தலையாய அறங்களாகப் போற்றினர். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வருபவனுக்கு வழிகூறி அனுப்பும் ஆற்றுப்படை என்னும் தனி இலக்கிய வகையையே தமிழ் பெற்றிருக்கிறது. வழிநடப்பார்க்கு உதவுதல் அத்துணைச் சிறப்புடையது. அவ்வறத்தை அரேபியப் பாலையில் இறையில்லம் நாடிச் செல்வார்க்காகச் செய்து காட்டிய பெண்மணி ஒருவரின் வாழ்வை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம். அவரே பேரரசி ஜுபைதா.

பக்தாத் மாநகரை 762ஆம் ஆண்டில் நிறுவிய அப்பாசியக் கலீபா மன்சூரின் மகன் ஜஃபர். அவர்தம் மகளுக்கு இடப்பெற்ற பெயர் அமத்துல் அஸீஸ். வெண்ணெய்த் திரள் போன்றிருந்த அக்குழந்தையைப் பாட்டனார் செல்லமாக ஜுபைதா என்று அழைத்தார். அப்பெயரே வரலாற்றில் நிலைத்தது. தந்தையின் உடன்பிறந்தார் மகனான ஹாரூன் ரஷீதுக்கும் அம்மையாருக்கும் ஹிஜ்ரி 165இல் திருமணம் நடந்தது. 786இல் ஹாரூன் கலீபா ஆனார். மறு ஆண்டு மகன் அமீன் பிறந்தார்.

அம்மையாரின் செல்வ வாழ்வைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிரம்ப எழுதியுள்ளனர். மணிகள் இழைத்த காலணிகளைப் பூண்டவர் என்பர். அதே அரண்மனையில் குர்ஆனை ஓதும் பணிப்பெண்கள் நூற்றுவர் இருந்தனர் என்றும், அவர்கள் ஓதும் ஒலி தேன்கூட்டின் ரீங்காரம்போல் கேட்டது என்றும் குறிப்பர். செல்வம் அவரை மயக்கிவிடவில்லை என்பதற்கு அவருடைய ஹஜ்ஜுப் பயணங்களே சான்றாகும்.

பயிர் விளையாத பள்ளத்தாக்கு மக்கா. அங்கே தம் பாலகனின் தாகம் தீர்க்க ஸபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஓடிய அன்னை ஹாஜராவின் ஓட்டத்தை ஹஜ் செய்வோர் ஒவ்வொருவரும் இன்றும் தம் கால்களால் நினைவுகூர்கின்றனர். ஸம்ஸம் ஊற்று இருந்தும், பல்லாயிரவர் கூடும் ஹஜ்ஜுக் காலத்தில் நீர் போதவில்லை. ஒரு தோற்பை நீர் ஒரு பொற்காசுக்கு விலையான கொடுமையும் நேர்ந்தது. பொருளுடையோர் வாங்கினர், ஏழையர் நாவறண்டனர். இந்நிலையைக் கண்ட அம்மையார், நீரைத் தேடி மக்கள் செல்லாமல் மக்களைத் தேடி நீர் வரவேண்டும் எனத் துணிந்தார்.

நகருக்கு வெளியே ஹுனைன் பகுதியிலிருந்து மக்காவை நோக்கியும், நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரபாத் பெருவெளிக்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. பாறையைக் குடைவது எளிதன்று என்றும் பொருள் அளவின்றிச் செலவாகும் என்றும் பொறுப்பாளர் தயங்கினார். கோடரி வீச்சு ஒன்றுக்கு ஒரு பொற்காசு செலவானாலும் பணி நிற்கலாகாது என அம்மையார் பணித்தாராம். வெயிலும் மணலும் நீரைக் கெடுக்காதவாறு கால்வாய் கல்லால் மூடப்பட்டது; இறங்கித் தூர்வாருவதற்கு இடையிடையே வாயில்கள் விடப்பட்டன. நிலத்தின் சரிவே நீரைச் செலுத்தியது. 17 இலட்சம் பொற்காசுகள் செலவாயின என நூல்கள் குறிக்கின்றன. பணி முடிந்ததும் கணக்கேடுகளை நீட்டியவரிடம், கணக்கை மறுமை நாளின் கணக்குக்கு விட்டுவிடுவதாகக் கூறி, ஏடுகளை ஆற்றில் எறியச் செய்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

கூபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதையையும் அம்மையார் செப்பனிட்டார். அப்பாதை முழுவதையும் அவரொருவரே அமைத்தார் என்பதன்று. அவருக்கு முற்பட்ட கலீபாக்களும் மைல்கற்கள் நட்டு, வழிகாட்டும் தீ ஏற்ற ஏற்பாடு செய்திருந்தனர். எனினும் அவர் செய்த பணிகளின் மிகுதியால், மக்கள் அதனை ஜுபைதாவின் பாதை என்றே அழைத்தனர். கற்கள் அகற்றப்பட்டன, மணல் புதையும் இடங்களில் தளம் பாவப்பட்டது, கிணறுகளும் மழைநீர்க் குளங்களும் தங்குமிடங்களும் எழுந்தன. குளத்திற்கு முன்னே சிறு தொட்டி ஒன்று கட்டி, வண்டல் அதில் படிந்தபின் தெளிநீர் மட்டும் குளத்தில் சேருமாறு செய்த நுட்பம் போற்றத்தக்கது. ஒரு நாள் நடையில் அடுத்த நீர்நிலையை அடையலாம் என்ற உறுதியே பயணியின் அச்சத்தைப் போக்கியது. அச்சம் நீங்கிய உள்ளமன்றோ இறைவனை முழுமையாக நினைக்கும்!

அம்மையாரின் பிற்கால வாழ்வு துயர் மிகுந்தது. 802இல் ஹஜ்ஜுக்குச் சென்ற ஹாரூன், தமக்குப்பின் அமீனும் அவருக்குப்பின் மற்றொரு மகன் மாமூனும் ஆளவேண்டும் என உடன்படிக்கை எழுதி, அதனைக் கஅபாவிலேயே தொங்கவிடச் செய்தார். 809இல் ஹாரூன் மறைந்தார். சில ஆண்டுகளுக்குள் உடன்படிக்கை முறிந்தது; உடன்பிறந்தார் போரிட்டனர்; பக்தாத் முற்றுகைக்குள்ளாயிற்று. 813இல் அமீன் கொல்லப்பட்டார். மகனின் குருதிக்குப் பழிவாங்கப் புறப்படுமாறு தூண்டியவர்க்கு அம்மையார் செவிசாய்க்கவில்லை என்பர். மாமூனோடு இணக்கம் கொண்டு, 825இல் நடந்த அவருடைய திருமண விழாவிலும் கலந்துகொண்டார். 831ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 216இல், பக்தாதில் இறையடி சேர்ந்தார்.

புனித இல்லத்தில் மாட்டிய அரசியல் ஏடு பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. மண்ணுக்கடியில் ஓடிய நீரோ நூற்றாண்டுகளைக் கடந்தது. 1184இல் அவ்வழியே சென்ற இப்னு ஜுபைரும், 1326இல் சென்ற இப்னு பதூதாவும் அம்மையாரின் நீர்நிலைகளை நன்றியோடு குறித்தனர். கால்வாய் சிதைந்தபோது, 16ஆம் நூற்றாண்டில் உதுமானியச் சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா அதனைப் புதுப்பிக்கப் பொருள் வழங்கினார். ஒரு பெண் தொடங்கிய அறத்தை மற்றொரு பெண் தாங்கினார். பக்தாதில் ஜுபைதாவின் அடக்கத்தலம் என மக்கள் காட்டும் கட்டடம், உண்மையில் பிற்காலத்தவரான சுமுர்ருத் காத்தூன் என்னும் அம்மையாருடையது. அடக்கத்தலம் மாறிப்போனாலும் அறத்தின் பெயர் மாறவில்லை.

பழங்கதை என்று இதனை ஒதுக்கிவிடுதல் இயலாது. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது கடும் வெப்பத்தில் 1,300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றிச் சென்று, நிழலும் தங்குமிடமும் வாய்க்காமல் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என அறிவிக்கப்பட்டது. குளிரூட்டிய கூடாரங்களும் விரைவுத் தொடர்வண்டியும் வந்துவிட்ட இக்காலத்திலும், வழியறியாத ஏழைப் பயணியின் தாகம் தீர்ந்துவிடவில்லை.

அரசியர் செய்ததை நாம் செய்தல் எங்ஙனம் என மாணாக்கர் வினவலாம். நம் தெருவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படும் முதியவருக்கு விண்ணப்பத்தைப் படித்துக் காட்டுதலும், ஏமாற்றும் இடைத்தரகரிடம் அவர் சிக்காமல் காத்தலும், வெயிலில் நடக்கும் முறையையும் மருந்து உண்ணும் வேளையையும் எழுதிக் கொடுத்தலும், கிரியைகளின் பொருளைப் பொறுமையாக விளக்குதலும் நம்மால் இயலும். சென்று மீண்டவர், செல்லவிருப்பவர்க்கு வழிகூறினால் அதுவே இன்றைய ஆற்றுப்படை. நீர் வார்த்த அம்மையாரின் நற்பணியை ஏற்று, நம்மையும் அவ்வறத்தில் சேர்த்தருள வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம். ஆமீன்.