சோக்கேயும் சுண்டெலிகளும்

என் பாட்டனார் கொள்ளைநோய்க்கு அஞ்சிய அரசாங்கத்தால் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் மொனராகலைக்கு வந்து சேர்ந்தவர். லயத்தில் ஒரே அறையில் காய்ச்சல் கண்டு கிடந்த இருவருள் தம்பி மாண்டதும் தாம் பிழைத்ததும் விதி என்றே இறுதிவரை கூறிவந்தார். தமிழ் படிப்பிக்கும் யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சாகிப் சிங் சோக்கேயின் வரலாற்றைக் கற்றபின் அவ்வெண்ணம் சற்றே தளர்ந்தது.

1887ஆம் ஆண்டு பிறந்த சோக்கே, இராணுவ மருத்துவராயிருந்து, 1932இல் பம்பாய் ஆப்கின் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. கதக்கு ஆடலுக்குப் புத்துயிரளித்த மேனகா அவர்தம் மனைவியார். ஆடலரங்கும் ஆய்வுகூடமும் ஒரே இல்லத்தில் இணைந்தமை வியப்பன்றோ!

கொள்ளைநோய்த் தடுப்பு மருந்தை ஆப்கின் 1897ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். ஆயினும் அதன் ஆற்றலை அளந்தறியும் வழி செம்மையுற்றிருக்கவில்லை. சோக்கே சுண்டெலிகளையே துலாக்கோலாகக் கொண்டார். பிறப்பால் வேறுபட்ட எலிகளுக்கு ஒரே அளவு கிருமியை ஏற்றினால் ஒன்று சாகும், மற்றொன்று பிழைக்கும். பிழைப்பித்தது மருந்தோ பிறப்போ என்று எங்ஙனம் அறிவது? ஆதலால் ஒரே சீராக வளர்த்த சுண்டெலிகளைக் கொண்டு கிருமியின் கொடுமையையும் மருந்தின் வலிமையையும் எண்ணிக்கையால் அளந்தார். 1939இல் அம்முறையை வெளியிட்டார்.

அதற்கு முன், 1937இல், சித்ரே என்பாருடன் அவர் வெளியிட்ட காட்டெலி ஆராய்ச்சியே என்னைப் பெரிதும் ஈர்த்தது. 1896 முதல் கொள்ளைநோயால் அலைப்புண்ட பம்பாயின் எலிகள் பெரும்பாலும் அக்கிருமியைத் தாங்கின. அந்நோய் அதிகம் தீண்டாத சென்னையின் எலிகளோ எளிதில் மடிந்தன. தாங்கமாட்டாதவை முன்னரே அழிய, தாங்கியவற்றின் வழித்தோன்றல்களே பம்பாயில் எஞ்சின.

சல்பா மருந்துகள் கொள்ளைநோயைத் தணிப்பதையும் அவர் சுண்டெலிகளிலேயே முதலில் சோதித்தார். பின்னர் உலக சுகாதார நிறுவனத்திலும் இந்திய மாநிலங்களவையிலும் பணியாற்றி, 1971இல் மறைந்தார். வேறு சில நோய்க்கிருமிகளுக்குச் சுண்டெலிகள் எளிதில் இரையாவதற்கு ஒரே ஒரு மரபணுவின் சிறு மாறுதல் காரணமாதலை, 1993இல் மொன்றியல் அறிஞர்கள் கண்டறிந்தனர். அதனைக் காண அவர் இல்லை.

இதனை வகுப்பிலே சொன்னபோது, நாம் பம்பாய் எலியா, சென்னை எலியா என்று ஒரு தோட்டத்து மாணவி கேட்டாள். எலியின் கணக்கை மனிதர்மேல் அப்படியே ஏற்றலாகாது என்றேன். அப்படியானால் பாட்டனாரின் தம்பி ஏன் இறந்தார் என்றாள். அவ்விருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். யான் விடையின்றி நின்றேன்.