மலைக்குப் பின்னால் எழும் காற்று: றொபேர்ட் குரோன்ஃபெல்ட் என்ற அகதி விமானி

ஃபெல்தம், ஹவுன்ஸ்லோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஹன்வேர்த் பார்க் புதிய இடமல்ல. பிள்ளைகள் பந்தடிப்பதும் பெரியவர்கள் காலையில் நடப்பதும் அந்தப் புல்வெளியில்தான். ஆனால் 1930களில் அந்தப் புல்வெளியே ஒரு விமான நிலையமாக இருந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். ‘லண்டன் எயார் பார்க்’ என்பது அதன் பெயர். அங்கே தனது பெயரிலேயே ஒரு சிறு விமான நிறுவனத்தை நடத்தியவர் றொபேர்ட் குரோன்ஃபெல்ட். ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் கொண்டாடிய கிளைடர் விமானி அவர். யூதர் என்ற ஒரே காரணத்தால், தனக்குப் புகழ் தந்த மலைகளில் பறக்க முடியாமல் போனவர்.

1904ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி ஒஸ்ரியாவின் வியன்னா நகரில் குரோன்ஃபெல்ட் பிறந்தார். அவர் இளைஞராக இருந்த காலத்தில் கிளைடர் பறத்தலின் தாயகமாக ஜேர்மனி விளங்கியது. முதலாம் உலகப் போரில் தோற்ற அந்நாட்டுக்கு இயந்திர விமானங்கள் தொடர்பாகக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. அதனால் பறக்கும் ஆசை கொண்ட இளைஞர்கள் இயந்திரமில்லாத கிளைடர்களின் பக்கம் திரும்பினார்கள். றோன் மலைகளில் ஆண்டுதோறும் போட்டிகள் நடந்தன. குரோன்ஃபெல்ட்டும் அங்கேதான் பெயரெடுத்தார்.

கிளைடர் எப்படி மேலே நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. உண்மையில் அது எப்போதும் கீழேதான் சறுக்கிக்கொண்டிருக்கிறது. அது இறங்கும் வேகத்தைவிட, அதைச் சுற்றியுள்ள காற்று வேகமாக மேலெழுந்தால் கிளைடரும் மேலே போகும். ஆகவே கிளைடர் விமானியின் தொழில் என்பது மேலெழும் காற்றைத் தேடுவதுதான். அதற்கான முதல் இடம் மலையின் முன்பக்கம். வீசிவரும் காற்று மலைச்சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்பும். அந்த ஒடுங்கிய பாதையில் கிளைடர் முன்னும் பின்னுமாக நெடுநேரம் பறக்கலாம். ஆனால் உயரம் அதிகம் கிடைக்காது, மலை முடியும் இடத்தில் பாதையும் முடிந்துவிடும்.

அந்த எல்லையை உடைத்தவர்களில் குரோன்ஃபெல்ட் முதன்மையானவர். அலெக்சாண்டர் லிப்பிஷ் வடிவமைத்த ‘வியன்’ என்ற கிளைடரில், 1929 மே 15 அன்று ரொய்ற்றோபர்க் மலைத்தொடரை ஒட்டிப் பறந்து 100 கிலோமீற்றரைக் கடந்தார். உலகில் கிளைடரில் அந்தத் தூரத்தைக் கடந்த முதல் மனிதர் அவர்தான். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை உடனே காட்டும் ‘வேரியோமீற்றர்’ என்ற கருவியைக் கிளைடரில் முதன்முதலில் பயன்படுத்தியவர்களிலும் அவர் ஒருவர். இன்று அந்தக் கருவி இல்லாமல் எந்தக் கிளைடரும் தூரப் பறப்புக்குப் புறப்படுவதில்லை.

1930இல் அவர் பிரித்தானியாவுக்கு விருந்தாளியாக வந்தார். சசெக்ஸில் உள்ள இற்ஃபோர்ட் குன்றிலிருந்து புறப்பட்டு, சவுத் டவுன்ஸ் குன்றுகளை ஒட்டிப் பறந்து போர்ட்ஸ்மவுத்துக்கு அருகே இறங்கினார். ஏறக்குறைய 50 மைல் தூரம். பிரித்தானியாவில் கிளைடர் பறத்தல் தளிர்விட்ட காலம் அது. லண்டன் கிளைடிங் கிளப் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு ஜூன் 20ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை ஒரே நாளில் இரு தடவை, போகவும் வரவும், கிளைடரில் கடந்தார். டெய்லி மெயில் பத்திரிகையின் 1,000 பவுண் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பின்னர் 1933 வந்தது. ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். யூதரான குரோன்ஃபெல்ட்டுக்கு ஜேர்மனியில் பறக்க இடமில்லாமல் போனது. முதலில் ஒஸ்ரியாவுக்குத் திரும்பினார். பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு முன் விருந்தாளியாக வந்த அதே பிரித்தானியாவுக்கு, இம்முறை புகலிடம் தேடி வந்தார்.

அதே 1933இல், அவருக்கு இடமில்லாமல் போன அதே நாட்டில், கிளைடர் வரலாற்றின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று நிகழ்ந்தது. மலைகளைப் பொறுத்தவரை, அதுவரை விமானிகள் முன்பக்கத்தையே நம்பினார்கள். காற்று மலையைத் தாண்டிக் கீழே பாயும் பின்பக்கம் கிளைடரைத் தரையில் அறைந்துவிடும் என்று அஞ்சினார்கள். அந்த ஆண்டு வொல்ஃப் ஹிர்த், ஹான்ஸ் டொய்ச்மான் என்ற இருவர் றீசன்கெபிர்கே மலைகளின் பின்பக்கத்தில் கீழ்க்காற்று மட்டுமல்ல, வலிய மேற்காற்றும் இருப்பதைக் கண்டார்கள்.

மலையைத் தாண்டி இறங்கும் காற்று நம்மவர்களுக்கு அந்நியமானதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி, வறண்டு, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீசும். அதைத்தான் ஊரில் கச்சான் என்கிறோம். மலையின் பின்சரிவில் இறங்கும் காற்று எவ்வளவு வேகமாகவும் வித்தியாசமாகவும் இருக்கும் என்பதற்குக் கச்சானே சாட்சி.

சில நாட்களில் அந்தக் காற்று இறங்குவதோடு நின்றுவிடுவதில்லை. மேலே இளஞ்சூடான காற்றடுக்கு மூடிபோல் இருந்தால், கீழே பாய்ந்த காற்று துள்ளி மேலெழும், மீண்டும் இறங்கும், மீண்டும் எழும். ஆற்றின் நடுவே கிடக்கும் பாறையைத் தாண்டிய நீர், பாறைக்குப் பின்னால் அலை அலையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர் ஓடிக்கொண்டே இருக்கும், அலை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். மலைக்குப் பின்னால் காற்றும் அப்படித்தான். அலையின் உச்சியில் மீன் வடிவ முகில்கள் மணிக்கணக்காக அசையாமல் நிற்பதுண்டு. அலைக்குக் கீழே, தரைக்கு அருகே, காற்று உருளைபோல் சுழன்று புரளும். அந்தப் பகுதி மிக ஆபத்தானது. அதைக் கடந்து, அலை மேலெழும் பக்கத்தைப் பிடித்து, காற்றை எதிர்த்து மூக்கைத் திருப்பினால், கிளைடர் தரைக்கு மேல் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றபடி, மின்தூக்கியில் போவதுபோல் அமைதியாக ஏறும். மலையின் உயரத்தைப்போல் பல மடங்கு ஏறலாம்.

இங்கிலாந்திலும் அத்தகைய காற்று உண்டு. பென்னைன் மலைத்தொடரின் 893 மீற்றர் உயரமான குறொஸ் ஃபெல் உச்சியைத் தாண்டி, ஈடன் பள்ளத்தாக்குப் பக்கம் பாயும் ‘ஹெல்ம் விண்ட்’ அது. பிரித்தானியாவில் தனிப்பெயர் பெற்ற ஒரே காற்று. 1939இல் அந்தக் காற்றின் அலையைப் பிடித்து ஒரு கிளைடர் 10,000 அடிக்கு மேல் ஏறியது. 2018இல் ஆர்ஜென்ரீனாவில் அண்டீஸ் மலைகளின் பின்பக்க அலையில் ‘பேர்லன் 2’ என்ற கிளைடர் 23,000 மீற்றருக்கும் மேலே போனது. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தின் இரு மடங்குக்கு அது கிட்ட வரும்.

இந்தப் புதிய வாசல் திறந்த ஆண்டில் குரோன்ஃபெல்ட் அகதி. லண்டனில் அவர் கையில் எடுத்தது அலைக்காற்று அல்ல, பிழைப்பு. நிறுவுநரை விபத்தில் இழந்திருந்த ஒரு சிறு விமான நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். கிளைடரில் சிறு இயந்திரம் பூட்டியதுபோன்ற ‘ட்ரோன்’ என்ற மலிவான விமானம் அதன் தயாரிப்பு. இன்றைய ட்ரோனுக்கும் அதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. ஹன்வேர்த்துக்கு வந்த நிறுவனம் 1936இல் ‘குரோன்ஃபெல்ட் லிமிட்டெட்’ ஆனது. ஆனாலும் வியாபாரம் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே முடிவுக்கு வந்தது. ஊரில் பேர்பெற்றவர் வந்த நாட்டில் கடை போட்டு, நட்டப்பட்டு மூடுவது நாமும் பார்த்த கதைதான். பிறகு அவர் ஒக்ஸ்ஃபோர்ட் கிளைடர் கழகத்தில் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார்.

1939இல் அவருக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. போர் தொடங்கியதும் விமானப்படையில் சேர்ந்தார். படையினரையும் தளவாடங்களையும் சுமக்கும் கிளைடர்கள் திடீரெனத் தேவைப்பட்ட காலம். இன்னும் யாரும் பறந்து பார்க்காத வடிவங்களைச் சோதிக்க, காற்றை அறிந்தவர்கள் வேண்டியிருந்தார்கள். 1943இல், ஒரு தாங்கியின் மேல் சிறகைப் பூட்டிப் பறக்கவைக்கலாமா என்ற யோசனைக்காகச் செய்யப்பட்ட வாலில்லாத சிறிய மாதிரிக் கிளைடரை அவரே பறந்து சோதித்தார். ஸ்குவாட்ரன் லீடர் நிலைக்கு உயர்ந்தார். பறத்தலுக்கான ‘எயார் ஃபோர்ஸ் குறொஸ்’ பதக்கமும் பெற்றார்.

போர் முடிந்தபின், அதே ஹன்வேர்த்தில் இருந்த ஜெனரல் எயார்கிறாஃப்ட் நிறுவனத்தின் சோதனை விமானியானார். 1948 பெப்ரவரி 12 அன்று ஜி.ஏ.எல். 56 என்ற வாலில்லாத கிளைடரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அது கட்டுப்பாட்டை இழந்து ஹாம்ப்ஷயரின் லோவர் ஃப்ரொயில் கிராமத்தில் வீழ்ந்தது. உடனிருந்தவர் பரசூட்டில் குதித்து உயிர் தப்பினார். குரோன்ஃபெல்ட் வெளியேறவில்லை. அவருக்கு வயது 43.

ஒரு நாடு யாரைத் துரத்துகிறதோ, அவருடன் சேர்த்துப் பல ஆண்டுக் கல்வியையும் துரத்துகிறது. குரோன்ஃபெல்ட்டை வளர்த்த மலைகள் ஜேர்மனியிலேயே இருந்தன. அங்கே காற்றைப் படிக்க அவர் கற்றது அவரோடு லண்டனுக்கு வந்தது. அதன் பயனைப் பெற்றது பிரித்தானியா. அதற்கான விலையைக் கொடுத்தது அவர்தான். அகதியின் கெட்டித்தனத்தைப் புகழும்போது அந்த விலையையும் நாம் மறக்கக் கூடாது.

லண்டன் கிளைடிங் கிளப் இன்றும் லூட்டனுக்கு அருகே டன்ஸ்டபிள் குன்றின் அடிவாரத்தில் இயங்குகிறது. மேற்குக் காற்று வீசும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். ஊரில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றிய கதையைச் சொல்லிக்கொண்டு குன்றின் மேல் நிற்கலாம். கண்ணுக்கு நேரே, சத்தமே இல்லாமல், ஒரு கிளைடர் கடந்து போகும்.