மின்சாரத்தில் துகள்களை ஓடவிட்டவர்... யார் இந்த ஆர்னே டிசெலியஸ்?

மாமல்லபுரத்தைத் தாண்டி தெற்கே போனால் கல்பாக்கம். அணுமின் நிலையம்தான் பலருக்கும் தெரியும். ஆனா, செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கடலோர ஊரில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், காந்த நானோ துகள்கள் கலந்த திரவங்கள் பற்றியும் ஆய்வு நடக்கிறது.

இந்தத் துகள்கள் தனித்தனியா மிதக்குமா, இல்ல ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடுமா? துகளின் மேற்பூச்சும் மின்னூட்டமும்தான் அதை முடிவு செய்யும். மின்புலத்தில் துகள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பார்த்தால் மின்னூட்டம் பற்றித் தெரிந்துவிடும். இதுக்குப் பேர்தான் எலக்ட்ரோபோரெசிஸ். இதை நம்பகமான கருவியாக மாற்றியவர் ஆர்னே டிசெலியஸ்.

நான்கு வயதில் தந்தையை இழந்தவர்

1902-ல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். நான்கு வயதில் தந்தை இறந்துபோக, குடும்பம் கோதன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் உப்சாலா பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற ஸ்வெட்பெர்கின் உதவியாளரானார். 1930-ல் புரதங்களை மின்சாரத்தால் பிரிப்பது பற்றி முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். ஆனால் முடிவுகளில் அவருக்கே திருப்தி இல்லை. அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு ஆய்வுக்குப் போனார்.

எதிரி... வெப்பம்!

மின்சாரம் பாய்ந்தால் திரவம் சூடாகும். சூடானால் திரவம் கலங்கி, பிரிந்தது மறுபடியும் கலந்துவிடும். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 1934-35-ல் தங்கியபோது, பழைய ஆய்வை மீண்டும் தொடும் எண்ணம் வலுத்தது. ஊர் திரும்பி, வெப்பம் சீக்கிரம் வெளியேற தட்டையான கண்ணாடிக் குழாய் அமைத்து, தண்ணீர் அதிக அடர்த்தியோடு இருக்கும் 4 டிகிரி செல்சியஸ் அருகே குளிர்வித்தார்.

பலன்? ரத்தச் சீரத்தின் புரதங்கள் அல்புமின், ஆல்பா, பீட்டா, காமா குளோபுலின் என நான்காகப் பிரிந்தன. ஆனால் ஒரு உயிர்வேதியியல் இதழ் இந்தக் கட்டுரையை நிராகரித்தது. 1937-ல் வேறொரு இதழில் வெளியானது. அதே கண்டுபிடிப்புதான் 1948-ல் வேதியியல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் மைலோமா புற்றுநோயைக் கண்டறிய இன்றும் இந்த வகைப் பரிசோதனை உதவுகிறது.

முடி அளவு குழாய்

1971-ல் டிசெலியஸ் காலமானார். அதற்கு முன்பே, 1967-ல் அவரது மாணவர் ஸ்டெல்லன் யெர்டேன் 3 மில்லிமீட்டர் குழாயில் துகள்களைப் பிரித்துக் காட்டியிருந்தார். 1981-ல் அமெரிக்காவின் ஜோர்கன்சனும் லுகாக்சும் 0.075 மில்லிமீட்டர் குழாய்க்கு இறங்கினார்கள். தலைமுடி அளவுக் குழாயில் வெப்பம் உடனே வெளியேறிவிடும்; ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கலாம். இதுதான் கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸ்.

இதே முறையில் காந்த நானோ துகள்களையும் சோதிக்கலாம். பூச்சு சரியா ஒட்டியிருக்கா, துகள்கள் ஒரே மாதிரி இருக்கான்னு கண்டுபிடிக்கலாம். ரத்தசோகைக்கு ஊசி வழியே செலுத்தும் சில மருந்துகளில் இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் உண்டு. உடலுக்குள் போகும் துகள் திரண்டுவிட்டால் ஆபத்து. அந்தச் சோதனைக்கு வழி திறந்தது, ஒரு இதழ் வேண்டாம்னு திருப்பி அனுப்பிய ஆய்வு!