பனியாற்றை அளந்து வைத்தவர்

ஒலுவிற் கடற்கரையிலே நின்றுகொண்டு இமயத்துப் பனியாற்றை எண்ணுபவனைக் கண்டால் உலகம் நகைக்கக்கூடும். ஆயினும், எங்கள் கரையை அலை அரித்துச் செல்வதைக் காணுந்தோறும் என் நெஞ்சில் எழுபவர் ஜோன் பிக்னெல் ஓடன் என்னும் புவியியலறிஞரே.

1903ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஒரு மருத்துவரின் மகனாக அவர் பிறந்தார். புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் டபிள்யு. எச். ஓடன் அவருடைய இளவல். தம்பி சொல்லிலே வாழ்ந்தார். தமையனோ கல்லிலும் பனியிலும் வாழ்ந்தார். 1926இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து, இமயத்தின் பாறையடுக்குகளை ஆராய்ந்து பெயர் பெற்றார். 1937இல் ஷிப்டன், டில்மன் ஆகிய மலையேறிகளுடன் காரகோரத்துக்கு அப்பாலுள்ள ஷக்ஸ்கம் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். 1939இல் அவர் கடந்த உயர்ந்த கணவாயொன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

எனினும், 1935இல் அவர் ஆற்றிய பணியையே யான் பெரிதெனக் கொள்வேன். கங்கோத்ரிப் பனியாறு சுமார் 30 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் நுனியாகிய கோமுகத்திலேதான் பாகீரதி நதி பிறக்கின்றது. அந்நுனி அன்று நின்ற இடத்தை ஓடன் அளந்து வரைபடத்திற் பதித்தார்.

பனியாறும் நம் சேனநாயக்க சமுத்திரத்தைப் போன்றதே. வரவும் செலவும் உடையது. உச்சியில் விழும் பனி வரவு. கீழே உருகியோடும் நீர் செலவு. வெப்பம் மிகுந்து செலவு விஞ்சினால் நுனி பின்வாங்கும். ஆனால், பெரிய பனியாறு உடனே அசைந்து கொடுப்பதில்லை; பல பத்தாண்டுகள் தாமதித்தே தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே, இன்றைய பின்னடைவிலே நேற்றைய வெப்பத்துக்கும் பங்குண்டு. இன்றைய வெப்பத்தின் முழு விளைவை நம் பேரரே காண்பர்.

ஓடன் குறித்த இடத்திலிருந்து அந்நுனி, 1996ஆம் ஆண்டுக்குள், ஒரு கிலோமீற்றருக்கும் மேலாகப் பின்வாங்கிவிட்டது. அவர் அளந்து வைத்திராவிடில் இவ்வுண்மையை இத்துணைத் தெளிவாக நாம் அறிந்திருப்போமா?

உலகெங்கும் உருகும் மலைப்பனி கடலையே சேர்கின்றது, கடலும் உயர்கின்றது. எங்கள் கரை தேய்ந்தமைக்குக் கரையோர மணலோட்டம் தடைப்பட்டதே முதற் காரணம்; பழி முழுவதையும் பனியின்மேற் சுமத்தேன். உயரும் கடலோ அவ்வரிப்புக்குத் துணைநிற்கின்றது.

என் வாப்பா கரைவலை இழுத்த இடத்தை ஒருநாள் என் பிள்ளைகளுக்குக் காட்ட முயன்றேன். இயலவில்லை. அடையாளமாக நின்ற தென்னைகளும் கடலோடு போய்விட்டன. எங்கள் குடும்பத்தில் எவரும் அவ்விடத்தை அளந்து வைத்தாரல்லர்.

ஓடன் 1991இல் மறைந்தார். பனி உருகுவதைத் தடுக்க அவரால் இயலவில்லை. அது நின்ற இடத்தைப் பிற்காலத்தார்க்குச் சொல்லிச் சென்றார். அவர் வரலாற்றை அறிந்த பின்னர், ஆண்டுதோறும் மாரி முடிந்ததும், எங்கள் கலங்கரை விளக்கத்தடியிலிருந்து அலைவாய் வரை கயிறு பிடித்து அளந்து, பிள்ளைகளின் கொப்பியிலே குறித்து வருகிறேன்.