நூல் சுற்றிய ஜூடித்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று எங்கு திரும்பினாலும் கார் தொழிற்சாலைகள்தாம். காருக்குள் ஓடும் மின்சார வயர்களைக் கொத்தாகச் சேர்த்து, அவற்றின் மேல் நாடா சுற்றும் வேலை ஒன்று உண்டு. கை ஓயாமல் சுற்ற வேண்டும். பார்ப்பவருக்கு அது சாதாரண வேலையாகத் தோன்றும்.

கடல் கடந்து, கலிபோர்னியாவில் ஓக்லண்டு என்று ஓர் ஊர். அதுவும் ஒரு காலத்தில் கார் தொழிலுக்குப் பேர்போன ஊர்தான். அங்கே பழைய கார் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் உட்கார்ந்து, நூலைச் சுற்றிச் சுற்றியே உலகப் புகழ் பெற்றார் ஒரு பெண்மணி. அவருக்குப் பேச்சு வராது, காது கேளாது, எழுதவும் தெரியாது. அவர் பெயர் ஜூடித் ஸ்காட்.

இரட்டையர்

1943-ம் ஆண்டு மே 1-ந் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ஒருத்தி ஜாய்ஸ். மற்றவள் ஜூடித். ஜூடித்துக்கு மட்டும் பிறவியிலேயே 'டவுன் சிண்ட்ரோம்' என்னும் குரோமோசோம் குறைபாடு. போதாக்குறைக்குக் கைக்குழந்தையாக இருக்கையில் செங்காய்ச்சல் கண்டு செவிப்புலனும் போயிற்று. காது போனதை யாரும் கவனிக்கவில்லை!

ஏழு வயது வரை சகோதரிகள் இருவரும் ஒரே படுக்கையில் உறங்கினார்கள். 1950 அக்டோபரில் ஒரு நாள் ஜாய்ஸ் கண் விழித்தபோது பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஜூடித்தை அரசாங்க விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

விடுதியில் அவளைச் சோதித்தார்கள். கேட்ட கேள்விகள் அவள் காதில் விழவேயில்லை. பதில் எப்படி வரும்? கல்விக்கு லாயக்கற்றவள் என்று எழுதி வைத்துவிட்டார்கள். வர்ணக் குச்சிகளைத் தொட்டபோது அதையும் பிடுங்கிக்கொண்டார்களாம். ஏறத்தாழ 35 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. பெற்றவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. டாக்டர்களே அப்படித்தான் யோசனை சொன்ன காலம் அது.

மீட்பு

ஜாய்ஸ் மறக்கவில்லை. நடுவயதில் சட்டப்படி சகோதரியின் பாதுகாவலராகி, கலிபோர்னியாவுக்கு அழைத்து வந்தார். 1987 ஏப்ரல் 1-ந் தேதி 'கிரியேட்டிவ் குரோத்' என்ற கலைக்கூடத்தில் சேர்த்தார். ஊனமுற்றோருக்காகவே 1974-ல் காட்ஸ் தம்பதியர் தொடங்கிய நிலையம் அது.

தூரிகை கொடுத்தார்கள், ஏதோ கிறுக்கினார். களிமண் கொடுத்தார்கள், மனம் ஒட்டவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் இதே கதை. பிறகு சில்வியா செவன்டி என்ற நூற்கலைஞர் வகுப்பு நடத்த வந்தார். ஜூடித் வகுப்பைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கிடைத்த குச்சிகளைச் சேர்த்தார். நூலால் சுற்ற ஆரம்பித்தார். அவ்வளவுதான்! அதன்பின் அந்தக் கை ஓயவே இல்லை.

நாற்காலி, அட்டைக் குழாய், சாமான் தள்ளுவண்டி—எது அகப்பட்டாலும் நடுவே வைத்துச் சுற்றுவார். அடுத்தவர் பொருளையும் மெல்ல எடுத்துக்கொள்வார். நிலையத்தார் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார்கள். ஒரு சிற்பம் முடிய வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். சில உருவங்கள் ஆள் உயரத்துக்கும் மேல். உள்ளே ஒளிந்திருப்பது என்ன என்று பார்க்க நூலை அறுத்தால் சிற்பமே போய்விடும். ஒருமுறை நூல் கிடைக்கவில்லை. கை துடைக்கும் காகிதங்களை எடுத்து முறுக்கி, முடிந்து, வெண்ணிறச் சிற்பம் ஒன்றைச் செய்துவிட்டார்! காஞ்சிபுரத்துக் கைதேர்ந்த நெசவாளிக்கும் அது வியப்பூட்டும்.

ஒன்றோடொன்று கட்டுண்ட இரட்டை உருவங்கள் ஆரம்ப காலச் சிற்பங்களில் அடிக்கடி வரும். இதைப் பற்றி அவர் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. எந்தச் சிற்பத்துக்கும் பெயர் வைத்ததில்லை. முடிந்ததும் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். தலையில் வர்ணத் துணி, கழுத்தில் மணிமாலைகள் என்று அலங்காரத்தில் மட்டும் அவருக்குப் பெரும் பிரியம்.

1999-ல் ஜான் மெக்கிரிகர் என்ற அறிஞர் அவரைப் பற்றி நூல் எழுதினார். அதே ஆண்டில் கண்காட்சியும் நடந்தது. புகழ் வந்தது, பணமும் வந்தது. ஜூடித் அதை அறிந்தாரா என்பது சந்தேகமே. மறுநாளும் அதே மேஜை, அதே நூல்.

பதினெட்டு ஆண்டுகளில் 200-க்கு மேற்பட்ட சிற்பங்கள் செய்து முடித்தார். 2005 மார்ச் 15-ந் தேதி, 61-ம் வயதில், ஜாய்ஸின் கைகளில் சாய்ந்தபடி உயிர் துறந்தார். 2014-ல் நியூயார்க்கின் புரூக்ளின் மியூசியம் அவருடைய படைப்புகளை மட்டுமே வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தியது. 2017-ல் அவை வெனிஸ் நகரக் கலைவிழாவுக்கும் போயின.